பக்கத்து வீட்டுத் தீவுகள்: ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

கரைமேட்டான்:
பிரிஸ்பேனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன வாரம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன் கேட்டான், "அப்பா, நமக்கு ரொம்பப் பக்கத்து நாடு எது?" யோசிக்காமல் நியூசிலாந்து என்றேன். அவன் அட்லஸைத் தூக்கி என் மடியில் போட்டு விரலை வைத்தான். சைபாய் என்று ஒரு பொட்டுத் தீவு. அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. எதிரே பப்புவா நியூ கினியின் கரை. நடுவில் நாலு கிலோமீட்டர் தண்ணீர். நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் தூரம் அதைவிட அதிகம்.

வெட்கமாகப் போய்விட்டது. வடக்கிலும் கிழக்கிலும் இத்தனை தீவுகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது என்ன? பிஜி என்றால் ரிசார்ட் விளம்பரம். வனுவாட்டு என்றால் புயல் செய்தி. பப்புவா என்றால் "போகாதே, ஆபத்து". சாலமன் தீவுகள் எந்தத் திசை என்றே சொல்லத் தெரியாது.

பள்ளி விடுமுறையில் ஜூலை முதல் வாரம் பத்து நாள் கிடைக்கும். வீட்டம்மாவுக்கு நீச்சல்குளமும் கடலும் போதும். எனக்கு அந்த ஊர்க்காரர்கள் யார், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். கடற்கரைப் பட்டியல் போடாதீர்கள், அது தேடினால் கிடைக்கும். போனவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிறு சோம்பேறி:
விடுமுறை என்பது சும்மா இருப்பதற்கு. பிஜி போங்கள், பையனைச் சிறுவர் மன்றத்தில் விட்டுவிட்டு மரத்தடியில் படுங்கள். ஆராய்ச்சியை வீட்டுக்கு வந்து செய்யலாம். நான் மூன்று தடவை போய் வந்தேன், ஒரு குறையும் இல்லை.

பழைய லே வாசி:
கரைமேட்டான், நான் பப்புவாவில் லே நகரத்தில் மூன்று வருஷம், தலைநகர் போர்ட் மொரேஸ்பியில் ஒரு வருஷம் கணக்கு வேலையில் இருந்தவன். பயமுறுத்தவும் மாட்டேன், பூசி மெழுகவும் மாட்டேன். மொரேஸ்பியில் நான் இருந்த குடியிருப்புக்கு இரண்டாள் உயரச் சுவர், அதன்மேல் முள்கம்பிச் சுருள், வாசலில் காவல். இருட்டிய பிறகு எங்கும் நடந்து போனதில்லை. தலைநகரத்திலிருந்து லேவுக்கோ மலைநாட்டுக்கோ சாலையே கிடையாது. விமானம், இல்லையென்றால் கப்பல். குடும்பத்தோடு முதல் பயணமாக அங்கே போகச் சொல்ல மாட்டேன். ஆனால் "போகாதே" என்பதோடு அந்த நாட்டை மூடி வைப்பதும் எனக்குப் பிடிக்காது.

முதல் வாரமே நடந்த கதை. அலுவலக ஓட்டுநர் வழியில் வண்டியை ஓரங்கட்டி, பெட்டிக்கடை மாதிரி ஒரு மேசையில் பச்சைப் பாக்கு வாங்கினார். பல்லால் உடைத்து, மட்டையைத் துப்பிவிட்டு, உள்ளே இருந்த பருப்பை மென்றார். வெற்றிலையைத் தேடினேன், காணோம். இலைக்குப் பதில் அந்தக் கொடியின் காய், விரல் நீளத்தில், பச்சை மிளகாய்க்கு அண்ணன் மாதிரி. அதன் நுனியைச் சுண்ணாம்புப் பொடியில் தோய்த்து ஒரு கடி. ஒரு நிமிஷத்தில் வாய் சிவந்துவிட்டது. பாக்குக்கு புவாய், காய்க்கு டாக்கா, சுண்ணாம்புக்கு கம்பங். எனக்கும் நீட்டினார். தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தை நோண்டி வளர்ந்தவன், இதென்ன பிரமாதம் என்று வாங்கிப் போட்டேன். சுண்ணாம்பு ஈறில் நேராகப் பட்டு வெந்து, இரண்டு நாள் ரசம் சோறுதான். அலுவலகத்தில் அதற்குப் பிறகு என்னை யாரும் புது ஆளாகப் பார்க்கவில்லை.

மொரேஸ்பியில் 2013இல் பாக்கு விற்கத் தடை போட்டார்கள், ஊரெல்லாம் சிவப்புத் துப்பல் என்று. நம்மூர் அரசு அலுவலக மாடிப்படி மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நிற்கவில்லை, விலைதான் ஏறியது.

அப்புறம் ஒரு சொல்: வான்டோக். ஒரே பேச்சுப் பேசுகிறவன் என்று பொருள். எண்ணூறுக்கும் மேல் மொழிகள் இருக்கிற நாடு அது. உன் மொழி பேசுகிறவன் வாசலில் வந்து நின்றால் சோறும் படுக்கையும் கொடுத்தே ஆக வேண்டும். என் ஓட்டுநர் சம்பளத்தில் பாதி இப்படித்தான் போகும். புலம்புவார். ஆனால் அவருக்கு வேலை போன மூன்று மாதம் அவரைக் காப்பாற்றியதும் அதே வான்டோக்குகள்தான். கல்யாணமாகாத சித்தப்பா சென்னையில் அறை எடுத்துத் தங்கினால் ஊரிலிருந்து யார் யாரெல்லாம் வந்து இறங்குவார்கள், அதே சமாசாரம்.

வரைபடப் பைத்தியம்:
பையன் வைத்த விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அந்த நாலு கிலோமீட்டருக்கு ஒரு கதை உண்டு. பப்புவா நியூ கினி 1975 செப்டம்பர் 16 வரை ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. பிரியும் நேரத்தில், இரண்டு நாட்டுக்கும் இடையே கிடக்கிற டோரஸ் நீரிணையை நடுவில் வெட்டிக் கோடு போடலாமா என்று பேச்சு வந்தது. தீவுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1978இல் கையெழுத்தாகி 1985இல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, பப்புவாவின் வாசலிலேயே கிடக்கிற தீவுகளும் ஆஸ்திரேலியாவிடமே இருக்கின்றன. கடலடி நிலத்துக்கு ஒரு கோடு, மீன்பிடிக்கு வேறொரு கோடு. இரண்டு பக்கத்துப் பாரம்பரியக் குடிகளும் உறவு பார்க்க, மீன் பிடிக்க, பண்டமாற்றுச் செய்ய பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்து போகலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. உலகத்தில் கடல் எல்லையை இவ்வளவு நிதானமாகப் போட்ட இடங்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம். கச்சத்தீவுப் பக்கம் பேச்சைத் திருப்பிவிடாதீர்கள், இழை அங்கேயே மூழ்கிவிடும்.

தீவு நர்ஸ்:
நான் தர்ஸ்டே தீவில் இரண்டு வருஷம் இருந்தேன். அந்த நீரிணையில் 270க்கும் மேல் தீவுகள், ஆள் இருப்பது பதினேழில். கெய்ர்ன்ஸிலிருந்து ஹார்ன் தீவுக்கு விமானம், அங்கிருந்து படகு. முதல் நாள் படகுத்துறையில் ஒரு பாட்டி என்னைப் பார்த்து "நீ எந்தத் தீவு?" என்று கேட்டார். நிறம் ஒன்றுதானே. "இந்தியா" என்றேன். "அது பெரிய தீவு" என்றார்.

அண்ணா, நீங்கள் ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தபோது மாபோ பெயரைப் படித்திருப்பீர்கள். அவர் இந்தத் தீவுக்காரர்தான், மெர் என்ற தீவு. டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டவேலை செய்துகொண்டிருந்தபோதுதான், பரம்பரையாகத் தன் குடும்பத்து மண் என்று நினைத்திருந்த நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்று அவருக்குத் தெரியவந்தது. பத்து வருஷ வழக்கு. 1992 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் "வெள்ளைக்காரன் வரும்போது இது ஆளில்லாத நிலம்" என்ற கதையை முறித்தது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை, ஜனவரியிலேயே இறந்துவிட்டார். மெர் தீவில் யாருடைய தோட்டம் எங்கே முடிகிறது என்பது கிழவர்களுக்குக் கல்லும் மரமுமாக அத்துப்படி. நம்மூரில் எல்லைக் கல்லை ராத்திரியில் நகர்த்தி வைக்கும் பங்காளிகளை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. முத்துச்சிப்பி எடுக்க ஜப்பானியர்கள், மலாய்க்காரர்கள், 1880களில் இலங்கையிலிருந்து சிங்களவர்கள் என்று அங்கே வந்து சேராத ஆள் இல்லை. ஜப்பானிய முக்குளிப்பவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கும். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது இருந்தால் அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

ஞாயிறு சோம்பேறி:
கல்லறையில் ஒரு மணி நேரமா? பையனுக்குப் பத்து வயது அம்மா!

அளவெட்டியான்:
இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட ஆட்களுக்கு இந்தத் தீவுகளின்ர பெயர் வேறு வழியாகத்தான் தெரியும். கிறிஸ்மஸ் தீவு, நவுரு, மானுஸ். படகில் வந்த அகதிகளை அவுஸ்திரேலியா முகாமில் அடைத்து வைத்த தீவுகள். ஊரில் கிழவிகளுக்கும் தெரியும். யாருடைய பெடியன் எந்தத் தீவில் என்று தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

என் மச்சான் 2013இல் படகில் வந்து நவுருவுக்கு அனுப்பப்பட்டவன். இப்ப அமெரிக்காவில் இருக்கிறான். முகாமைப் பற்றி அவன் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் தீவைப் பற்றிக் கதைப்பான். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். கரையோரம் ஒரு வளையம்போல வீடுகள், தென்னைகள். நடுவே போனால் வெள்ளை வெள்ளையாகக் கல் முனைகள், ஆளை விட உயரம், ஒரு மரம் ஒழுங்காக இல்லை. "தென்னந்தோப்புக்குள்ளே சந்திரனை வைத்த மாதிரி" என்றான்.

அந்த முனைகள் பொஸ்பேற் அள்ளிய மிச்சம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கோதுமை வயலுக்கும் புல்வெளிக்கும் போட்ட உரம் அங்கேயிருந்து போனது. 1968இல் சுதந்திரம் வந்த பிறகு கொஞ்சக் காலம் அவர்கள் உலகத்துப் பணக்காரர்களில் சேர்த்தி. உரம் தீர்ந்தது, காசும் போனது. கிண்டிய நிலத்துக்காக அவுஸ்திரேலியா மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1993இல் 107 மில்லியன் டொலருக்குச் சமாதானமானார்கள். அதற்குப் பிறகு வருமானத்துக்கு வழி தேடின நாடுதான் முகாமுக்கு இடம் குடுத்தது. நவுருக்காரர் மேல் மச்சானுக்குக் கோபம் இல்லை. "அவங்களும் மாட்டுப்பட்டவங்கள்" என்பான்.

சுற்றுலா போகவேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. பெயரைத் தெரிந்துகொண்டு போங்கோ.

கரைமேட்டான்:
அண்ணை, நன்றி. இதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

லபாசா பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். என் தமிழில் பிழை இருந்தால் திருத்துங்கள். முப்பது வயதுக்கு மேல் சிட்னியில் வார வகுப்புக்குப் போய் எழுதக் கற்றேன். நான் பிஜியில் லபாசாவில் பிறந்தேன். நான்காவது தலைமுறை.

பிஜிக்கு 1879இலிருந்து 1916 வரை ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற சொல் வாயில் புரண்டு கிர்மிட் ஆனது. 1903இலிருந்து மதராஸிலிருந்தும் கப்பல் வந்தது. கடைசிக் கப்பல் சட்லெஜ், 1916 நவம்பர். பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதது எங்கள் பாட்டிகளுக்காகத்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு யாருக்கும் தெரியாது. அதற்குள் தமிழ் போய்விட்டது. வீட்டில் பிஜி ஹிந்தி பேசுவோம். தீமிதிக்கும்போது மட்டும் பாட்டில் தமிழ் வரும், பொருள் தெரியாமல் பாடுவோம்.

என் கொள்ளுத்தாத்தாவின் எமிகிரேஷன் பாஸ் நகல் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஒரே ஒரு தாள். பெயர், தகப்பன் பெயர், வயது 22, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அடையாளம் என்ற இடத்தில் "இடது கன்னத்தில் தழும்பு". சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நான் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். எங்களிடம் அவருடைய புகைப்படம் கிடையாது. அவர் முகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்தத் தழும்பு ஒன்றுதான்.

சோம்பேறி அண்ணா சொல்வதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ரிசார்ட்டில் என் சித்தி மகள் வேலை செய்கிறாள். பிஜியில் சுற்றுலா இல்லையென்றால் பல வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ரிசார்ட் வாசலைத் தாண்டி ஒரு நாளாவது வாருங்கள். ஜூலையில் கரும்பு வெட்டு நடக்கும். சின்னத் தண்டவாளத்தில் கரும்பு ரயில் போகும், பையனுக்கு மிகவும் பிடிக்கும்.

வரைபடப் பைத்தியம்:
அக்காவின் தமிழில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிஜியில் கரும்பாலை நடத்திய பெரிய கம்பெனி சிட்னிக் கம்பெனி, சி.எஸ்.ஆர். 1880களின் தொடக்கத்தில் அங்கே போய் 1973 வரை இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1863 முதல் 1904 வரை, பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கரும்புக்கு ஆள் எங்கிருந்து வந்தது தெரியுமா? வனுவாட்டு, சாலமன் தீவுகள். சுமார் 62,000 பேர். சிலர் விரும்பி ஒப்பந்தம் போட்டார்கள், பலரை ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றினார்கள். அப்புறம் 1901இல் "வெள்ளை ஆஸ்திரேலியா" என்று சட்டம் போட்டுப் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மக்காய், பண்டபெர்க் பக்கம் இன்றும் அவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள்.

கரைமேட்டான், நீங்கள் பிரிஸ்பேனில் டீயில் போட்டுக் குடிக்கும் சர்க்கரை இந்த வரலாற்றின் மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் தமிழன் வெட்டினான், இந்தப் பக்கம் தீவுக்காரன் வெட்டினான். இரண்டு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே போய்விட்டது.

வனுவாட்டைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1980இல் சுதந்திரம் வரும்வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டன. சேர்ந்து என்றால் இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு விதப் பள்ளிக்கூடம், இரண்டு பணம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றம், அதன் தலைவரை நியமிப்பவர் ஸ்பெயின் அரசர்! கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மாமியார் மாட்டிய மருமகள் கதைதான்.

கரைமேட்டான்:
வனுவாட்டு இழுக்கிறது. ஆனால் மலேரியா என்று வீட்டில் கொடி பிடிக்கிறார்கள். தங்கச்சி, நர்ஸ் ஆயிற்றே, சொல்லுங்கள்.

தீவு நர்ஸ்:
கொடி நியாயமானதுதான் அண்ணா. பப்புவா, சாலமன், வனுவாட்டு மூன்றிலும் மலேரியா உண்டு. வனுவாட்டுக்கும் பிஜிக்கும் நடுவில் பக்ஸ்டன் கோடு என்று சொல்வார்கள், அதற்குக் கிழக்கே மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவே கிடையாது. அதனால் பிஜியில் மலேரியா இல்லை. டெங்கு உண்டு, அது பகலில் கடிக்கும் கொசு. முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. வனுவாட்டு போவதென்றால் பயண மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேளுங்கள், பையனின் எடைக்குத் தகுந்த அளவு வேண்டும். இணையத்தில் படித்து வாங்காதீர்கள்.

பழைய லே வாசி:
மொழி விஷயம் ஒன்று விட்டுப்போய்விட்டது. தமிழர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். வெள்ளைக்கார நண்பர்களிடம் சொன்னால் மண்டையைச் சொறிவார்கள்.

பப்புவாவில் டோக் பிசின், வனுவாட்டில் பிஸ்லாமா, சாலமனில் பிஜின். மூன்றும் ஒரே குடும்பத்துப் பெண்கள். தோட்டத்திலும் கப்பலிலும் பல மொழிக்காரர்கள் ஒன்றாக வேலை செய்தபோது முளைத்தவை. பிஸ்லாமா என்ற பெயரே கடல் அட்டைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சீனாவுக்கு விற்க அட்டை பொறுக்கியவர்கள் பேசிய பாஷை. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த வியாபாரம் தெரியும்.

சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து. முடிக்கு "கிராஸ் பிலோங் ஹெட்", தலையின் புல். ஆஸ்பத்திரி "ஹவுஸ் சிக்". கேட்டதும் சிரிப்பு வரும், நானும் சிரித்தேன். ஆனால் இலக்கணம் ஆங்கிலம் இல்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: கேட்பவனையும் சேர்த்துச் சொன்னால் "யுமி", அவனை விட்டுவிட்டுச் சொன்னால் "மிபெலா". நாம், நாங்கள்! அந்த மண்ணின் மொழிகளில் இருந்த வித்தியாசத்தை, கடன் வாங்கிய சொற்களை வைத்தே கட்டிக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. நாம் இரண்டு பேர் என்றால் யுமிதுபெலா, எங்களில் மூன்று பேர் என்றால் மிதிரிபெலா. இதைப் போய் உடைந்த ஆங்கிலம் என்று என் மேலாளர் ஒருவர் நாலு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் ஓட்டுநர் என்னிடம் எப்போதும் மிபெலாதான். "மிபெலா மலைநாட்டு ஆளுங்க", "மிபெலா இப்படித்தான்." ஒரு ராத்திரி ரக்பி ஆட்டம், குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும். இரண்டும் ஆஸ்திரேலிய மாநிலங்கள். அந்த நாட்டில் ஆளுக்கொரு கட்சி, வீட்டுக்குள்ளேயே அடிதடி நடக்கும். குயின்ஸ்லாந்து ஜெயித்தது. என் முதுகில் ஓங்கி அறைந்து "யுமி வின்!" என்றார். நான் எந்தக் கட்சி என்று அவர் கேட்டதே இல்லை. 2028இல் அவர்கள் சொந்த அணியே ஆஸ்திரேலிய லீக்கில் ஆடப்போகிறது. அவர் வீட்டில் இனி சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஞாயிறு சோம்பேறி:
இது நல்லா இருக்கு. ரிசார்ட்டில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு நாள் ஊருக்குள் போய்விட்டு வந்து "அவர்களைத் தெரிந்துகொண்டேன்" என்று பேசுவதும் ஒருவித ரிசார்ட்தானே? அவர்கள் வாழ்க்கை நமக்குக் காட்சிப்பொருளா?

லபாசா பேத்தி:
நல்ல கேள்வி அண்ணா. சிட்னியிலிருந்து லபாசா போனால் எனக்கே அந்தக் கூச்சம் வருகிறது. மாமா வீட்டு முற்றத்தில் நான் படம் எடுத்தால் மாமி "இதில் என்ன இருக்கிறது?" என்பார். பதில் சொல்லத் தெரியாது.

ஒன்று செய்யலாம். கேள்வி கேட்டால் பதில் கேட்க உட்காருங்கள். பிஜிக்காரர் வீட்டுக்குப் போனால் கவா வேர்க்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், அது முறை. பாயில் உட்கார்ந்து, அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொட்டாங்குச்சியில் கொடுப்பார்கள். ஒரு தடவை கை தட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தடவை தட்ட வேண்டும். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கு மரத்துப்போகும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாது, பேசித்தான் ஆக வேண்டும்.

கரைமேட்டான்:
போய்விட்டு வந்தாயிற்று. ஐந்து நாள் ரிசார்ட் (வீட்டம்மா வெற்றி), நாலு நாள் நாடியிலும் லவுடோகாவிலும் பா ஊர்ப் பக்கமும். சோம்பேறி, உங்கள் மரத்தடி உண்மையிலேயே சுகம், பொய் சொல்ல மாட்டேன்.

நாடி கடைத்தெரு முடிகிற இடத்தில் முருகன் கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கத் தோன்றியது. உள்ளே நமக்குப் பழகிய விபூதி வாசனை. வெளியே வந்தால் கோயில் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஹிந்தி. எனக்கு ஹிந்தி தெரியாது. முருகன் வாசலில் இரண்டு தமிழர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். என்னோடு பேசிய அந்தப் பெரியவர்தான் அங்கே இருக்கிற தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைப் பற்றிச் சொன்னார், 1926இல் சாது குப்புசாமி தொடங்கியது. பள்ளிக்கூடங்கள், லபாசாவில் செவிலியர் கல்லூரிகூட நடத்துகிறார்களாம். தமிழ் போனாலும் பெயர்கள் போகவில்லை. கடைப் பலகைகளில் நாயுடு, பிள்ளை, ரெட்டி, கவுண்டர் என்று இருக்கிறது.

பாவுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட். கேட் என்று ஒன்றும் இல்லை, ஒரு பையன் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொம்மை மாதிரி டீசல் இஞ்சின், பின்னால் கம்பிக்கூண்டு வண்டிகள் முப்பது, நாற்பது. கூண்டுக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. மகன் ஒன்றை உருவப் பார்த்தான், அதற்குள் வேகமெடுத்துவிட்டது. எங்கள் பின்னால் டிராக்டரில் நின்றிருந்த விவசாயி சிரித்துக்கொண்டே தன் பாரத்திலிருந்து ஒன்றை ஒடித்துக் கொடுத்தார்.

அவரோடு அரை மணி. தாத்தா வெட்டினார், அப்பா வெட்டினார், இவரும் வெட்டுகிறார். நிலம் சொந்தமில்லை. பிஜியில் பெரும்பகுதி நிலம் பூர்வகுடிகளுடையது, விற்க முடியாது, குத்தகைதான். முப்பது வருஷக் குத்தகை முடியப் போகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டேன். "நல்ல மனுஷர்கள். ஆனால் அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார். 1987 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அண்ணன் தம்பி எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள், இவர் மட்டும் நின்றுவிட்டார். தெரிந்த தமிழ் எது என்றேன். கொஞ்சம் யோசித்து, "தாத்தா, சாமி, புளி" என்றார். மூன்றாவதுதான் எனக்கு ஆச்சரியம்.

கவா வாங்கி வந்தேன். பெரியவர்கள் ஆளுக்கு நாலு கிலோ வரை பிரிஸ்பேனுக்குள் கொண்டுவரலாம். நான் கொண்டுவந்தது அரைக் கிலோ. வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அடுத்த வருஷம் வனுவாட்டு. மாத்திரைக்கு வீட்டம்மா ஒத்துக்கொண்டாயிற்று.

லபாசா பேத்தி:
புளி! எங்கள் வீட்டிலும் அப்படியே சொல்வோம், அது தமிழ் என்று எனக்கே பல வருஷம் தெரியாது.

இங்கே இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், ஒரு உதவி கேட்கலாமா? பாஸில் ஜில்லா வட ஆற்காடு என்று தெளிவாக இருக்கிறது. தாலுகா ஆர்னி. ஊர்ப் பெயரைத்தான் குமாஸ்தா என்னவோ எழுதியிருக்கிறார். எழுத்துக்கூட்டினால் "கால்புடி" என்று வருகிறது. வரைபடத்தில் அப்படி ஓர் ஊர் கிடைக்கவில்லை.

வரைபடப் பைத்தியம்:
ஆர்னி என்பது ஆரணி. இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வெள்ளைக்காரக் காது கேட்டதை எழுதிய கை அது, உயிரெழுத்தை நம்பாதீர்கள். கல்புதூர்? கல்பட்டு?

ஆரணிப் பட்டு:
இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்பூண்டி என்று ஒரு ஊர் உண்டு. வாயில் வேகமாகச் சொன்னால் நீங்கள் எழுதியது மாதிரிதான் விழும். தறிக்கு நூல் கொடுக்க அந்த வழியாக அடிக்கடி போகிறேன். தகப்பன் பெயர் என்ன போட்டிருக்கிறது?

லபாசா பேத்தி:
பாதி மங்கிவிட்டது. "முனு" என்று தொடங்குகிறது. அதற்குப் பிறகு மடிப்பு.

ஆரணிப் பட்டு:
முனுசாமியாகத்தான் இருக்கும், தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். அந்த மடிப்பை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை போகிறேன், டீக்கடையில் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.